ரெடிமேட் வீடா, கான்ட்ராக்டர் வீடா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மனை கையில் இருக்கிறது, வீடு கட்ட வேண்டும். ஒரு பக்கம் "நாற்பத்தைந்து நாளில் சாவி" என்று ரெடிமேட் வீட்டு விளம்பரம். இன்னொரு பக்கம் "நமக்குத் தெரிஞ்ச கான்ட்ராக்டர் ஒருத்தர் இருக்காரு, கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம்" என்று சொந்தக்காரர். இரண்டையும் விசாரித்து, இரண்டு பக்கமும் கொட்டேஷன் வாங்கி, பேங்க்குக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடந்த பிறகு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கீழ்த்தளம் கான்ட்ராக்டர் கட்டியது. மாடியில் உள்ள அறை இரும்புச் சட்டத்தில் ஏற்றிய ரெடிமேட். இரண்டோடும் பழகியாயிற்று. தமிழ்நாட்டில், சொந்த மனையில், ஒரு குடும்பத்துக்கான வீடு கட்டப் போகிறவர்களுக்கானது இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஷோரூமில் ஆரம்பித்துப் பேங்க்கில் முடிக்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதித் தொல்லை குறையும்.

1. எந்த ‘ரெடிமேட்’ என்று முதலில் கேளுங்கள்

ரெடிமேட் வீடு, மாடுலர் வீடு, ப்ரீஃபாப் என்று ஒரே பெயரில் நாலைந்து வேறு வேறு பொருள்களை விற்கிறார்கள். விலையும் ஆயுளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

முதலாவது கன்டெய்னர் அல்லது போர்ட்டா கேபின். சைட் ஆபீசுக்கும் தோட்டத்துக் காவல் அறைக்கும் சரி. சித்திரை வெயிலில் குடும்பத்தோடு குடியிருக்க என்றால், கூரையிலும் சுவரிலும் என்ன வெப்பத்தடுப்பு வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இரண்டாவது, மெல்லிய துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் நிறுத்தி, இரு பக்கமும் சிமென்ட் ஃபைபர் போர்டு அடித்து, நடுவில் ராக்வூல் (வெப்பமும் சத்தமும் தடுக்கும் பாறை நார்ப் பஞ்சு) வைப்பது. எல்ஜிஎஸ்எஃப் என்பார்கள். தனி வீட்டுக்கு ரெடிமேட் என்று யோசித்தால் பெரும்பாலும் இதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது தெர்மாகோல் நடுவில் வைத்த சாண்ட்விச் பேனல். நான்காவது, தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் சுவர்களைக் கொண்டுவந்து கிரேனில் நிறுத்தும் ப்ரீகாஸ்ட். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் இந்த முறையில் கட்டி 2022 மே மாதம் திறக்கப்பட்டன. அத்தனை வீடுகளுக்கு ஒரே அச்சு ஓடும்போது அது கட்டுப்படியாகும். ஒற்றை வீட்டுக்கு அச்சு, லாரி, கிரேன் எல்லாம் உங்கள் ஒருவர் தலையில்தான் விழும்.

கொட்டேஷனில் இந்த நான்கில் எது என்று எழுதி வாங்குங்கள். "மாடுலர் ஹவுஸ்" என்று மட்டும் எழுதிக் கொடுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

2. மனைக் காகிதங்களை அடுக்குங்கள்

இது இரண்டுக்கும் பொது. கிரையப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், உங்கள் பெயரில் பட்டா, எஃப்எம்பி எனும் புலப்படம் (சர்வே அளவு வரைபடம்), வில்லங்கச் சான்றிதழ், மனைப்பிரிவு அங்கீகார நகல். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பேங்க் பொதுவாக 30 வருடத்துக்குக் கேட்கும். அதனால் ஆரம்பத்திலேயே 30 வருடத்துக்குப் போடுங்கள். பட்டா கூட்டாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க வேண்டும். சர்வேயர் வந்து அளக்க வேண்டிய வேலை இது, நாம் நினைத்த வேகத்தில் நடக்காது. இன்றே மனு போட்டுவிடுங்கள்.

அங்கீகாரமில்லாத மனையா? 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனையாக இருந்தால்தான் வரன்முறைப்படுத்தும் வழி இருக்கிறது. அதை முடிக்காமல் கட்டட அனுமதியும் கிடைக்காது, கடனும் கிடைக்காது.

அடுத்தது அனுமதி. 2024 ஜூலை முதல் சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டுவதானால் ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியவுடன் அனுமதி வந்துவிடும். கட்டணம் சதுர அடிக் கணக்கில், மாநகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று மாறும். ஆனால் பக்கவாட்டில் விட வேண்டிய இடம், மழைநீர் சேகரிப்பு போன்ற விதிகள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. நீங்களே சான்று கொடுத்திருப்பதால், தவறு இருந்தால் பொறுப்பும் உங்களுடையதே.

இங்கே ஒரு பொறி. "இது தற்காலிகக் கட்டடம் சார், பிளான் அப்ரூவலே தேவையில்லை" என்று ரெடிமேட் விற்பவர் சிலர் சொல்வார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு அனுமதி வேண்டும்; அது செங்கல்லா இரும்பா என்பது பேச்சே இல்லை. அப்ரூவல் இல்லாத வீட்டுக்கு நாளைக்குக் கடன் கேட்கும்போதும் விற்கும்போதும் அந்த விற்பனைப் பிரதிநிதி பக்கத்தில் நிற்க மாட்டார்.

3. ஷோரூமுக்கு முன் பேங்க்குக்குப் போங்கள்

சொந்தக் காசில் கட்டுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். கடன் வாங்குகிறவர்களுக்கு முடிவு பெரும்பாலும் இங்கேயேதான் விழும்.

வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம் வரையும், 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் கொடுக்க ரிசர்வ் பேங்க் விதி அனுமதிக்கிறது. மீதி உங்கள் கையிருப்பு. அந்தக் கையிருப்பை முதலில் போட்ட பிறகே பேங்க் தன் பங்கை எடுக்கும். எல்லாம் முடிந்து பத்திரத்தை அடமானம் வைக்கும்போது கடன் தொகையில் 0.5 சதவீதம் முத்திரைத் தீர்வை, அதற்கு மேல் பதிவுக் கட்டணம், வக்கீல் கருத்து, இன்ஜினியர் மதிப்பீடு என்று ஒரு சின்னப் பட்டியல் வரும். இதற்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள். யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது முக்கியமான சிக்கல். பேங்க் வேலை நடக்க நடக்கத்தான் பணம் விடும். பேஸ்மென்ட் முடிந்ததும் ஒரு தவணை, லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலின் மேல்மட்டம்) வந்ததும் ஒன்று, ரூஃப் போட்டதும் ஒன்று, பூச்சு முடிந்ததும் மீதி. ஒவ்வொன்றுக்கும் பேங்க் இன்ஜினியர் மனைக்கு வந்து பார்ப்பார். ரெடிமேட் கம்பெனியோ ஆர்டரோடு பாதி, லாரியில் ஏற்றும் முன் பெரும்பகுதி என்று கேட்கும். அதாவது முக்கால்வாசிப் பணம் போயிருக்கும்; வீடு இன்னும் அவர்கள் ஷெட்டில் கிடக்கும்; உங்கள் மனையில் அஸ்திவாரம் மட்டும்தான் இருக்கும். பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்தால் "பேஸ்மென்ட் மட்டம்" என்று எழுதிவிட்டுப் போவார்.

அதனால் பேங்க் மேனேஜரிடம் இரண்டே கேள்வி. இந்த வகை வீட்டுக்கு உங்கள் கிளையில் கடன் உண்டா? உண்டென்றால் தொழிற்சாலைக்கு நேரடியாகத் தவணை விடுவீர்களா? வாயால் சொன்ன பதில் போதாது, ஒரு இமெயில் வாங்குங்கள். இல்லை என்று பதில் வந்தால், ஷோரூமில் எவ்வளவு அழகாகக் காபி கொடுத்தாலும் பிரயோசனமில்லை.

4. தெருவையும் மண்ணையும் பாருங்கள்

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து மனை வரை நடந்து வாருங்கள். கன்டெய்னர் வகை என்றால் அகலமே 8 அடி, உயரம் எட்டரை அடி. ட்ரெய்லர் மேல் வைத்தால் தெருவில் தாழ்வாகத் தொங்கும் ஈபி லைனைத் தொடும். ப்ரீகாஸ்ட் சுவர் பத்துக்குப் பத்தடி, ஆறு அங்குல கனத்தில் ஒன்று கிட்டத்தட்ட மூன்றரை டன். அதைத் தூக்கும் கிரேன் கால் பரப்பி நிற்க இடம் வேண்டும். தெருமுனையில் திரும்ப முடியுமா, பக்கத்து வீட்டு வேப்பமரக் கிளை குறுக்கே வருமா என்பதெல்லாம் வண்டி வந்த பிறகு யோசிக்கிற விஷயமில்லை. இரும்புச் சட்ட வகைக்கு இந்தத் தலைவலி குறைவு. சாதாரண லாரியில் வரும், நாலு பேர் தோளில் தூக்கிப் போய்விடலாம். எங்கள் மாடி அறைக்கான சட்டங்கள் படிக்கட்டு வழியாகவே ஏறின.

மண் விஷயத்தில் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது: "ரெடிமேட் வீடு லேசு, அஸ்திவாரம் பெரிசா வேண்டாம்." செம்மண்ணிலும் கிராவல் மண்ணிலும் ஓரளவு சரி. கோவை, மதுரை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கக் கரிசல் மண்ணில் நேர்மாறு. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கனமான வீட்டை விட லேசான வீட்டைத்தான் அது சுலபமாக மேலே தள்ளும். போர்டு இணைப்புகள் விரியும், கதவு பிடிக்கும். மண் பரிசோதனை செய்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் அஸ்திவார வரைபடம் வாங்குங்கள். எந்த வீடாக இருந்தாலும் இந்தச் செலவு வீண் போகாது.

காற்றும் உண்டு. இந்தியத் தரநிலைப்படி கோவைக்கும் மதுரைக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர். 50 மீட்டர் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். லேசான கூரையைப் புயல் அழுத்தாது, பிடுங்கும். ஆகவே எந்த ஊர்க் காற்றுக்குக் கணக்குப் போட்டார்கள், வீட்டை அஸ்திவாரத்தோடு பிணைக்க எத்தனை ஆங்கர் போல்ட் என்பது வரைபடத்தில் இருக்க வேண்டும்.

5. கொட்டேஷனைச் சாவி வரை நீட்டுங்கள்

சதுர அடி ரேட்டை வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ரெடிமேட் எப்போதும் மலிவாகத் தெரியும். உதாரணத்துக்கு 800 சதுர அடி, ரேட் 1,500 என்றால் 12 லட்சம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,16,000. ஆக 14,16,000. இதில் அஸ்திவாரம் இருக்காது. லாரி, கிரேன், செப்டிக் டேங்க், சம்ப், காம்பவுண்டு, வெளிப் படிக்கட்டு, சில சமயம் டைல்ஸும் பாத்ரூம் சாமான்களும்கூட இருக்காது. எதெல்லாம் சேர்ந்தது, எதெல்லாம் சேராதது என்று இரண்டு பத்தியாக எழுதி வாங்குங்கள்.

கான்ட்ராக்டர் ரேட்டிலும் இதே விளையாட்டு உண்டு. மெட்டீரியலோடு என்றால் இன்று சதுர அடி 2,000 ரூபாயைத் தாண்டித்தான் பேச்சே தொடங்குகிறது. எதையெல்லாம் சதுர அடியில் சேர்க்கிறார் என்று கேளுங்கள்: போர்டிகோ முழுதாகவா பாதியாகவா, படிக்கட்டுத் தலைப்பு அறை உண்டா, சம்ப்புக்கு லிட்டர் கணக்கா? அதே வீடு ஒருவர் கணக்கில் 1,000, இன்னொருவர் கணக்கில் 1,150 என்று வரும்.

வரியில் ஒரு நல்ல செய்தி. மெட்டீரியலை நீங்கள் வாங்கிக் கொடுத்து, தனி வீட்டுக்கு லேபர் மட்டும் கான்ட்ராக்ட் விட்டால் அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது. மெட்டீரியலோடு விட்டால் 18 சதவீதம். சிமென்ட்டுக்கான வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் போட்ட கொட்டேஷனை நீட்டினால் புது ரேட் கேளுங்கள். "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி இல்ல" என்ற பேச்சுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். நாளைக்குத் தகராறு வந்தால் கையில் காட்ட ஒரு தாளும் இருக்காது.

6. ரெடிமேட் என்று முடிவு செய்தால்

ஷோரூமைப் பார்த்தால் போதாது. அவர்கள் கட்டி, இரண்டு மழைக்காலம் கடந்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே பாத்ரூம் சுவரின் அடிப்பாகத்தையும் ஜன்னல் மூலைகளையும் பாருங்கள். போர்டு ஊதியிருந்தால் அங்கேதான் ஊதியிருக்கும்.

இரும்பில் துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 275 கிராமா என்று ஆலைச் சான்றிதழோடு கேளுங்கள். கடற்கரை ஊர் என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சுவரில் எங்கே என்ன மாட்டப் போகிறீர்கள் என்பதைத் தொழிற்சாலையில் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கீசர், டிவி, கிச்சன் கப்போர்டு, வாஷ்பேசின், ஏசி வெளிப்பெட்டி, தொட்டில் கொக்கி உட்பட எல்லாவற்றுக்கும் உள்ளே தாங்கு பலகை வைக்கணும். பிறகு ஆணி அடித்தால் போர்டு மட்டும்தான் பிடிக்கும். அப்புறம், சுவரைத் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்கள். இதற்கு ராக்வூலும் மருந்தில்லை.

மேலே இன்னொரு மாடி எழுப்பும் ஆசை இருந்தால் இப்போதே சொல்லி, இரண்டு தளத்துக்கு வடிவமைக்கச் சொல்லுங்கள். ஒரு தளத்துக்கான சட்டத்தின் மேல் பின்னால் ஏற்ற முடியாது. "பிள்ளைகள் பெரிசானதும் மேலே கட்டி வாடகைக்கு விடலாம்" என்று கணக்குப் போடும் குடும்பங்களுக்கு, என்னைக் கேட்டால், ரெடிமேட் சரிப்படாது. பழைய வீட்டின் மொட்டை மாடியில் லேசாக ஒரு அறை ஏற்றுவதற்கும், தோட்டத்து வீட்டுக்கும், கல்லும் மணலும் ஏற்ற முடியாத மலை ஊர்களுக்கும் அது அருமையாகப் பொருந்தும். மாடி அறைக்குக் கீழ்த்தளம் தாங்குமா என்று இன்ஜினியர் பார்த்துச் சொல்ல வேண்டும், விற்பவர் அல்ல.

பணத்தில், ஆர்டரோடு 20 சதவீதத்துக்கு மேல் போகாமல் பேசிப் பாருங்கள். பெரிய தொகை கேட்டால் அதற்கு ஈடாக பேங்க் கியாரண்டி (கம்பெனி தவறினால் அதன் பேங்க் பணம் தரும் என்ற உறுதி) கேளுங்கள். லாரியில் ஏற்றும் முன் தொழிற்சாலைக்கே போய்ச் சட்டங்களை எண்ணிவிட்டுப் பணம் கொடுங்கள்.

7. கான்ட்ராக்டர் என்று முடிவு செய்தால்

முத்திரைத்தாள் ஒன்றில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தம் ஆகிவிடாது. பொருள் பட்டியல்தான் உயிர். "நல்ல பிராண்டு" என்று எழுத விடாதீர்கள். சிமென்ட், கம்பி, ஒயர், பைப் எல்லாவற்றுக்கும் பிராண்டு பெயரும் ரகமும். டைல்ஸ் சதுர அடி எத்தனை ரூபாய் வரை. வாசக்கால் என்ன மரம். பட்டி எத்தனை கோட், பெயின்ட் எத்தனை கோட். இவை எல்லாம் எண்ணாக இருக்கணும். கூடுதல் வேலை எதுவானாலும் எழுதிக் கையெழுத்தான பிறகே. "அதெல்லாம் கடைசியில பார்த்துக்கலாம்ணே" என்பதுதான் இந்தத் தொழிலிலேயே காஸ்ட்லியான வாக்கியம்.

தவணை எப்போதும் வேலைக்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. பேங்க் தவணையின் அதே கட்டங்களை ஒப்பந்தத்திலும் வைத்துவிட்டால் உங்களுக்குக் கைமாற்று வாங்கும் வேலை இருக்காது.

தினமும் நின்று பார்க்க முடியாவிட்டாலும் மூன்று சமயம் அங்கே இருங்கள்.

கம்பி இறங்கும் நாள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று வரும். 12 எம்எம் என்றால் 0.889 கிலோ, 12 மீட்டர் முழுக் கம்பி பத்தரை கிலோவைத் தாண்ட வேண்டும். ஒன்றை எடைபோட்டுப் பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும்.

ரூஃப் கான்கிரீட் நாள். காலையிலேயே போய், கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை) வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். ஸ்லாபுக்கு 20 எம்எம், பில்லருக்கு 40 எம்எம். ஜல்லிச் சில்லைச் சொருகி வைத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மிக்சர் ஓட ஆரம்பித்தால் பரப்புகிறவர் "தண்ணி விடு, தண்ணி விடு" என்று கத்திக்கொண்டே இருப்பார். கலவை இளகினால் அவருக்கு வேலை சுலபம். கான்கிரீட்டின் பலம் அங்கேயே போய்விடும். கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று மதியத்துக்குள் நிச்சயம் மக்கர் பண்ணும். அதே கலவையில் 15 சென்டிமீட்டர் கியூப் (கனசதுரக் கட்டி) ஆறு வார்த்து வைத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் ஏதாவது இன்ஜினியரிங் கல்லூரி லேபில் உடைத்துப் பார்க்கக் கொடுங்கள்.

மூன்றாவது, சென்ட்ரிங் (ரூஃபைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கும் நாள். மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14. பலகை வாடகை ஏறுகிறது என்று முட்டுகளை அவசரமாகப் பிடுங்க வருவார்கள். நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஸ்லாபுக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும். ஆறு மீட்டருக்கு மேல் பீம் என்றால் 21 நாள்.

8. மாதக் கணக்கு

விளம்பரத்து நாற்பத்தைந்து நாள் என்பது தொழிற்சாலை வேலையும் சைட்டில் பொருத்துவதும் மட்டும்தான். பட்டா, அனுமதி, கடன், அஸ்திவாரம் எல்லாம் சேர்த்தால் ரெடிமேடுக்கே ஐந்தாறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் சதுர அடி கான்ட்ராக்டர் வீட்டுக்குக் காகித வேலை போக ஆறிலிருந்து எட்டு மாதம். தை மாதம் பூமி பூஜை போட்டால் ஐப்பசி மழைக்கு முன் ரூஃப் மூடிவிடலாம். ஆவணியில் ஆரம்பித்தால் அஸ்திவாரக் குழியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பீர்கள். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, வடமாநில ஆட்கள் ஊருக்குப் போகும் ஹோலி என்று ஆள் இல்லாத வாரங்களையும் கழித்துக்கொள்ளுங்கள். பழைய வருமான வரி முறையில் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு வேண்டுமானால், கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 வருடத்துக்குள் வீடு முடிந்திருக்கணும்.

9. கடைசித் தவணைக்கு முன் வாங்க வேண்டியவை

மொத்தத்தில் 5 சதவீதத்தையாவது ஆறு மாதம் பிடித்து வைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதில் ஒரு மழைக்காலம் அடங்கினால் நல்லது. ஒயரிங், பைப் லைன் எங்கே ஓடுகிறது என்ற வரைபடம், மோட்டார், கீசர், நீர்க்கசிவுத் தடுப்பு வேலைகளின் கியாரண்டி அட்டைகள், எல்லாப் பில்களும் கைக்கு வர வேண்டும். சுவர் பூசும் முன், போர்டு அடிக்கும் முன், ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். தற்காலிக ஈபி இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றும் மனுவும் உடனே போட வேண்டும். மாற்றும் வரை யூனிட் ரேட் கடிக்கும்.

சொந்த மனையில் கட்டும் தனி வீட்டுத் தகராறுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) வராது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே விசாரிப்பார்கள். பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். அங்கே கேட்கும் முதல் தாள் ஒப்பந்தம், இரண்டாவது பணம் கொடுத்த ரசீது. ஆகவே ஒவ்வொரு தவணையையும் பேங்க் வழியாகவே கொடுங்கள். சனிக்கிழமை கூலிக்கு என்று கைக்காசு கேட்டால், ஒரு நோட்டில் எழுதி அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.